தீவிர சிகிச்சைப் பிரிவின் தாதிமை மேலாளர்: சிங்கப்பூரில் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மேலாளராகப் பொறுப்பேற்ற முதல் வாரம். ஏழாம் படுக்கையில் இருந்த முதியவரின் ரத்த அழுத்தம் சரியத் தொடங்கியது. பல ஆண்டுப் பழக்கத்தில் கால் தானாக ஓடியது. மருத்துவர் எழுதி வைத்திருந்த வரம்புக்குள் ரத்த அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் மருந்தின் அளவைக் கூட்டி, அழுத்தம் நிலைக்கும்வரை அங்கேயே நின்றேன். இருபது நிமிடம் ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது, அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து இரண்டு முறை வந்த அழைப்பை எடுக்க ஆளில்லாமல் போயிருந்தது. மூன்றாம் படுக்கையில், வேலைக்கு வந்து ஆறே வாரமான இளம் தாதி ஒருவர், வென்டிலேட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நோயாளியுடன் தனியாக நின்றார். ஏழாம் படுக்கைக்கு நான் தேவைப்பட்டிருக்கவே இல்லை. அங்கே ஏற்கெனவே இருவர் இருந்தார்கள், இருவரும் கைதேர்ந்தவர்கள்.

தாதியின் கண் நோயாளியை விட்டு அகலாமல் பார்த்துக்கொள்வதுதான் மேலாளரின் வேலை என்று அன்று எனக்குப் புரிந்தது. அந்தக் கண்ணை எது இழுக்கிறதோ அதெல்லாம் மேலாளரின் பொறுப்பு. எடுக்கப்படாத தொலைபேசி, தீர்ந்துபோன சளி உறிஞ்சும் குழாய், கோபத்தோடு நிற்கும் உறவினர், தப்பாகப் போட்ட பணி அட்டவணை, மூன்று இடத்தில் எழுத வேண்டிய ஒரே தகவல் எல்லாம் அதில் அடங்கும். கீழே எழுதியிருக்கும் ஒவ்வொரு படியும் இந்த ஒரே நோக்கத்துக்காகத்தான். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த தாதியர், மலேசியாவிலிருந்து வந்தவர்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே பதிவு பெற்றவர்கள் ஆகிய மூன்று தரப்பினரையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: இந்தப் பாதை உங்களுக்கானதா என்று பாருங்கள்

தகுதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூர்த் தாதிமை வாரியத்தில் பதிவு, காலாவதியாகாத பணிச் சான்றிதழ், தீவிர சிகிச்சையில் பல ஆண்டு அனுபவம், அத்துறையில் உயர்பட்டயம் அல்லது அதற்கு நிகரான படிப்பு ஆகியவை அடிப்படை. இவை உங்களிடம் ஏற்கெனவே இருக்கும்.

பாதையைத் தேர்ந்தெடுப்பதில்தான் யோசனை வேண்டும். இங்கே அனுபவம் பெற்ற தாதிக்கு மூன்று வழிகள் திறக்கின்றன: மருத்துவப் பணியிலேயே ஆழமாகப் போவது, கற்பிப்பது, நிர்வகிப்பது. நோயாளியின் அருகில் நின்று சிக்கலான நிலையைப் படித்தறிவதில்தான் உங்களுக்கு நிறைவு என்றால், முதுகலைப் படிப்பு முடித்து உயர்நிலைத் தாதியாவதே பொருத்தம். பதவி உயர்வு என்ற ஒரே காரணத்துக்காக மேலாளராகி, இரண்டு ஆண்டில் மனம் ஒடிந்துபோன நல்ல தாதியரை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் முழுவதும் ஒரு நோயாளியையும் தொடாமல் வீடு திரும்பி, அன்று நல்ல வேலை செய்தோம் என்று உங்களால் நினைக்க முடியுமானால் இந்தப் பொறுப்பு உங்களுக்கானது.

படி 2: பொறுப்பேற்கும் முன் பிரிவைக் கால்நடையாக அறிந்துகொள்ளுங்கள்

பழைய மேலாளரிடம் பொறுப்பைப் பெறும் நாள்களில் கோப்புகளுக்குள் மூழ்கிவிடாதீர்கள். ஓர் இரவுப் பணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பொது விடுமுறை நாள் என மூன்று முறையாவது பிரிவில் இருந்து பாருங்கள். வார நாள் காலையில் எல்லாப் பிரிவும் நன்றாகத்தான் தெரியும். மருந்தாளர், சுவாசச் சிகிச்சையாளர், இயன்முறைச் சிகிச்சையாளர், கருவிகளைப் பழுதுபார்ப்பவர் என எல்லாரும் அப்போது பக்கத்தில் இருப்பார்கள். அதிகாலை மூன்று மணிக்கு டயாலிசிஸ் இயந்திரம் நின்றுபோனால் யாரை அழைக்கிறார்கள் என்பதைப் பார்த்தால்தான் பிரிவின் உண்மையான பலம் தெரியும்.

ஒரு தாளில் பிரிவின் வரைபடத்தை நீங்களே போடுங்கள். எத்தனை படுக்கைகள், அவற்றில் எத்தனை தனிமைப்படுத்தும் அறைகள், எவை எதிர்மறைக் காற்றழுத்தம் கொண்டவை (உள்ளே இருக்கும் காற்று வெளியே கசியாதவை), மின்தடையின்போது உயிர்காக்கும் கருவிகளுக்கான மின்செருகிகள் எங்கே இருக்கின்றன, அவசரத் தள்ளுவண்டி எங்கே நிற்கிறது என எல்லாம் அதில் இருக்கட்டும். ஆக்சிஜன் குழாயை அந்தப் பகுதிக்கு மட்டும் அடைக்கும் வால்வு எங்கே இருக்கிறது என்பதையும் குறியுங்கள். தீ விபத்தில் அதை மூடச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று உங்கள் தாதியரைக் கேட்டுப் பாருங்கள். ஐந்து பேரிடம் ஐந்து பதில் வந்தால், நீங்கள் நடத்த வேண்டிய முதல் பயிற்சி எது என்பது தெரிந்துவிட்டது.

தனிமைப்படுத்தும் அறைகளைப் பற்றி இங்கே யாருக்கும் அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டு சார்ஸ் நோயில் சிங்கப்பூரில் 238 பேர் பாதிக்கப்பட்டு 33 பேர் இறந்தார்கள். அவர்களில் மருத்துவப் பணியாளர்களும் இருந்தார்கள். முகக்கவசம் முகத்தில் சரியாகப் பொருந்துகிறதா என்ற சோதனையை நாங்கள் ஒரு சடங்காக நினைக்காததற்குக் காரணம் அந்த ஆண்டு. உங்கள் பிரிவில் ஒருவர் அந்தச் சோதனையைத் தவறவிட்டிருந்தாலும் அவரை அந்த அறைக்குள் அனுப்பாதீர்கள்.

படி 3: ஆள் கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள்

தீவிர சிகிச்சையில் மிக மோசமான நிலையில் இருப்பவருக்கு ஒரு தாதி, சற்றுத் தேறியவர்கள் இருவருக்கு ஒரு தாதி என்பது பொதுவான நடைமுறை. இதை ஆண்டு முழுவதற்கும் எப்படி நிரப்புவது என்பதில்தான் புதிய மேலாளர்கள் தடுமாறுகிறார்கள். மென்பொருள் கணக்கிட்டுத் தரும். ஆனாலும் ஒரு முறையாவது கையால் போடுங்கள். அப்போதுதான் நிர்வாகத்திடம் ஆள் கேட்கும்போது குரல் தடுமாறாது.

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு தாதி வாரம் 40 மணி நேரம் வேலை செய்தால், ஓர் இடத்தை எந்நேரமும் நிரப்ப 4.2 பேர் வேண்டும். ஆண்டு விடுப்பு, மருத்துவ விடுப்பு, பொது விடுமுறை, பயிற்சி ஆகியவற்றுக்கு ஐந்தில் ஒரு பங்கு நேரம் போகிறது என்று வையுங்கள். 4.2ஐ 0.8ஆல் வகுத்தால் 5.25. அதாவது ஓர் இடத்துக்கு ஐந்தேகால் பேர். 12 படுக்கைகளில் ஆறு பேருக்கு ஆளுக்கு ஒரு தாதி, மீதி ஆறு பேருக்கு மூன்று தாதியர் என்றால் ஒரு நேரப் பணிக்கு ஒன்பது பேர். தன் பெயரில் நோயாளி இல்லாத பணித்தலைவர் ஒருவரைச் சேர்த்தால் பத்து. பத்தை 5.25ஆல் பெருக்கினால் 53 பேர். பணி மாறும்போது இரு தரப்பும் சேர்ந்து நிற்கும் அரை மணி நேரம் இந்தக் கணக்கில் இல்லை.

அந்தப் பணித்தலைவரை விட்டுக்கொடுக்காதீர்கள். ஆள் குறையும் நாளில் முதலில் எல்லாருடைய கண்ணும் படுவது அவர்மேல்தான். ‘அவருக்கும் ஒரு படுக்கையைக் கொடுத்துவிடலாமே’ என்பார்கள். கொடுத்துவிட்டால், சாப்பிடப் போகும் தாதிக்குப் பதிலாக நிற்க ஆளில்லை, புதியவரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்க ஆளில்லை, இதயம் நின்றுவிட்டால் முழுக் காட்சியையும் பார்த்து வேலையைப் பிரித்துக் கொடுக்க ஆளில்லை.

எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஒரே இரவில் ஓராண்டு அனுபவத்துக்குக் குறைந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நான் வைத்துக்கொண்ட வரம்பு. புதியவரின் படுக்கை எப்போதும் ஒரு மூத்தவரின் படுக்கைக்கு அடுத்ததாக இருக்க வேண்டும், கதவு மூடிய அறையில் அவரைத் தனியே விடக் கூடாது. அட்டவணையை எழுதும்போது பெயர்களை மட்டும் பார்க்காமல் பிரிவின் வரைபடத்தையும் பக்கத்தில் வையுங்கள்.

பண்டிகைகளைப் பற்றிக் கொஞ்சம். பல இனத்தவர் சேர்ந்து வேலை செய்வது இந்த ஊரின் பெரிய வசதி. சீனப் புத்தாண்டின் இரண்டு நாளும் தமிழரும் மலாய்க்காரரும் நிற்பார்கள், தீபாவளிக்குச் சீனத் தாதியர் நிற்பார்கள், நோன்புப் பெருநாளுக்கு இருவரும் நிற்பார்கள், கிறிஸ்துமஸுக்குப் பிலிப்பினோ தோழியரை அனுப்பிவிட்டு நாங்கள் நிற்போம். ஆனால் இந்த நல்லெண்ணத்தைக் கணக்கில்லாமல் செலவழித்தால் அது தீர்ந்துவிடும். யார் எந்த ஆண்டு எந்தப் பண்டிகையை விட்டுக்கொடுத்தார்கள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி, எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள். தமிழராக இருப்பதால் உங்கள்மேல் இன்னொரு கண்ணும் இருக்கும். தீபாவளிக்குத் தமிழருக்கு மட்டும் எளிதாக விடுப்புக் கிடைத்தது என்ற பேச்சு ஒரு முறை கிளம்பினாலும் அதை அடக்க ஓராண்டு ஆகும்.

அதிகாலை ஐந்தரை மணிக்கு ‘காய்ச்சல், வர இயலவில்லை’ என்ற செய்தி வரும். அப்போது என்ன செய்வது என்பதற்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். இரவுப் பணித்தலைவரிடம் பேசி, தேறிவரும் இருவரை ஒரே தாதியிடம் கொடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். மருத்துவரின் கருத்தையும் கேளுங்கள். பிறகு மற்றத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளைக் கேளுங்கள். விடுப்பில் இருப்பவரை அழைப்பது கடைசி வழி. அப்படி அழைத்தால் யாரை அழைத்தோம் என்பதைக் குறித்து வையுங்கள். இல்லையென்றால் மறுக்கத் தெரியாத அதே ஒருவரை, அவர் பெயர் முதலில் நினைவுக்கு வருகிறது என்பதற்காகவே, மாதத்தில் நான்கு முறை அழைத்துவிடுவீர்கள். ஆறாம் மாதம் அவர் வேலையை விட்டுப் போகும் கடிதத்தோடு உங்கள் மேசைக்கு வருவார்.

படி 4: காலைச் சுற்று

மருத்துவர்களின் காலைச் சுற்றுக்கு முன், இரவுப் பணியில் இருந்தவர்கள் போவதற்குள், எல்லாப் படுக்கைக்கும் ஒரு முறை போய் வாருங்கள். ஒரு படுக்கைக்கு இரண்டு நிமிடம் போதும். அங்கே நிற்கும் தாதியிடம் மூன்று கேள்விகள் கேட்பேன்.

இன்று இவருக்கு எது நடக்கும் என்று பயப்படுகிறீர்கள்? இதுதான் முதல் கேள்வி. நல்ல தாதிக்கு இதற்கு உடனே பதில் இருக்கும். ‘நேற்று இரவிலிருந்து சிறுநீர் குறைகிறது, டயாலிசிஸ் வரை போகும் என்று நினைக்கிறேன்’ என்பார். பதில் இல்லை என்றால், ஒன்று நோயாளி தேறிவிட்டார், அல்லது தாதிக்கு உதவி தேவை.

இன்று எந்தக் குழாயை எடுக்கலாம்? இது இரண்டாவது. மருந்து செலுத்தப் பெரிய சிரையில் போடும் மையச் சிரைக் குழாய், சிறுநீர்க் குழாய், ரத்த அழுத்தம் அளக்கும் தமனிக் குழாய் என உடலுக்குள் போகும் ஒவ்வொன்றும் கிருமிக்கு ஒரு வாசல். தேவை முடிந்தும் எடுக்கப்படாமல் கிடக்கும் குழாய்தான் பெரும்பாலும் தொற்றில் கொண்டுபோய் விடுகிறது. மருத்துவர் மறந்திருந்தால் தாதி கேட்கலாம், கேட்க வேண்டும். அதைக் கேட்கும் துணிவைக் கொடுப்பது மேலாளரின் வேலை.

உங்களுக்கு இன்று என்ன குறைகிறது? இது மூன்றாவது. கையில் சிறு தாளுடன் கேளுங்கள். ஒருவர் தலையணை என்பார், ஒருவர் பம்ப் என்பார், ஒருவர் பத்து மணிக்குத் தன் பிள்ளையின் பள்ளியிலிருந்து அழைப்பு வரும், ஐந்து நிமிடம் வேண்டும் என்பார். மதியத்துக்குள் மூன்றில் இரண்டையாவது செய்து முடித்துவிட்டால், அடுத்த வாரம் அவர்களே உங்களைத் தேடி வந்து உண்மையைச் சொல்வார்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே கண் தன் வேலையைச் செய்யட்டும். வென்டிலேட்டரில் இருப்பவரின் தலைப்பக்கம் 30 பாகைக்குக் குறையாமல் உயர்ந்திருக்கிறதா? மானிட்டரின் அபாய ஒலி வரம்புகள் இந்த நோயாளிக்கு ஏற்றபடி மாற்றப்பட்டிருக்கின்றனவா, அல்லது முந்தைய நோயாளிக்கு வைத்தவையே கிடக்கின்றனவா? பொருளில்லாமல் அடித்துக்கொண்டே இருக்கும் ஒலி காதை மரத்துப்போகச் செய்துவிடும், உண்மையான அபாயமும் அதே ஒலியில்தான் வரும். இன்னொன்று, ரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்து ஓடும் பம்பில் மீதி எவ்வளவு இருக்கிறது, அடுத்த ஊசிக்குழல் தயாராகப் பக்கத்தில் இருக்கிறதா? அந்த மருந்து ஒரு நிமிடம் நின்றாலும் அழுத்தம் சரிந்துவிடும். பணி மாறும் நேரத்தில் அது தீரும்படி விடாதீர்கள்.

படி 5: படுக்கையை உருவாக்குவது

யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்பவர் தீவிர சிகிச்சை மருத்துவர். அந்த முடிவை நடைமுறையில் சாத்தியமாக்குபவர் நீங்கள். காலை ஒன்பது மணிக்கெல்லாம், இன்று யார் வெளியே போகலாம், யாருக்கு அறுவைக்குப் பிந்திய படுக்கை ஒதுக்க வேண்டும், அவசர சிகிச்சையில் யார் மோசமாகிக்கொண்டிருக்கிறார்கள் என்ற மூன்றும் உங்கள் கையில் இருக்க வேண்டும். ‘படுக்கை இல்லை’ என்ற பதிலை மட்டும் சொல்லி வைக்காதீர்கள். ‘ஐந்தாம் படுக்கை பதினொன்றரைக்கு இடைநிலைக் கண்காணிப்புப் பிரிவுக்குப் போகிறது, சுத்தம் செய்ய முக்கால் மணி நேரம், பன்னிரண்டே காலுக்கு அனுப்புங்கள்’ என்று சொல்லுங்கள். அதுவரை அங்கே காத்திருப்பவருக்கு உங்கள் பிரிவிலிருந்து யாராவது போய் உதவ முடியுமா என்றும் பாருங்கள்.

நள்ளிரவில் ஒருவரைச் சாதாரணப் பிரிவுக்கு அனுப்பிப் படுக்கையை உருவாக்குவதை முடிந்தவரை தவிருங்கள். அங்கே இரவில் ஆள் குறைவு. வென்டிலேட்டரை விட்டு இறங்கிய மறுநாளே அப்படிப் போனவர்கள் இரண்டு நாளில் மறுபடி மூச்சுத்திணறலோடு திரும்பி வருவதை எல்லாத் தாதியரும் பார்த்திருப்பார்கள். பிற்பகலிலேயே முடிவெடுக்கும்படி மருத்துவர்களை நெருக்குங்கள்.

நோயாளியைப் பிரிவுக்கு வெளியே கொண்டுபோவதைப் பற்றி விரிவாகச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. நான் இளம் தாதியாக இருந்தபோது ஒரு நோயாளியை சி.டி. ஸ்கேனுக்குக் கொண்டுபோனோம். ஆக்சிஜன் உருளையின் முள் பாதியில் இருந்தது. பாதி இருக்கிறதே என்று கிளம்பிவிட்டோம். ஸ்கேன் அறையில் இன்னொரு அவசர நோயாளி, வாசலிலேயே காத்திருந்தோம். திரும்பும்போது மின்தூக்கி ஒவ்வொரு தளத்திலும் நின்றது. முள் சிவப்புக்குள் போனபோது நான் பார்த்தது அந்த முள்ளை மட்டும்தான், நோயாளியின் முகத்தைப் பார்க்கவில்லை. பிரிவின் கதவைத் திறந்து சுவரில் இருக்கும் குழாயில் மாற்றியபோது என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

நிறைந்திருக்கும்போது 680 லிட்டர் கொள்ளும் உருளை பாதியில் இருந்தால் 340 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் போனால் அது 23 நிமிடம்கூட முழுதாக வராது. இந்தக் கணக்கை என் பிரிவில் எல்லாரும் வாய்ப்பாடு போலச் சொல்ல வேண்டும். பயணத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்களோ அதைப் போல் இரண்டு மடங்குக்கு ஆக்சிஜன், பம்புகளின் பேட்டரி நிலை, கையால் அழுத்தும் சுவாசப் பை, போகும் இடத்தில் தயார் என்று தொலைபேசியில் உறுதி ஆகிய நான்கும் இல்லாமல் கட்டிலின் பிரேக்கை எடுக்கக் கூடாது.

படி 6: எண்களும் தவறுகளும்

மாதந்தோறும் தொற்று விகிதம் கேட்பார்கள். கணக்கு எளிது. அந்த மாதத்தில் மையச் சிரைக் குழாய் இருந்த நாள்கள் 800, அதனால் வந்த ரத்தத் தொற்று 2 என்றால், ஆயிரம் நாளுக்கு 2.5. ஒரு சிறிய பிரிவில் ஒரே ஒரு தொற்றுகூட இந்த எண்ணைத் துள்ள வைக்கும். ஆகவே ஒரு மாதத்து எண்ணைப் பிடித்துக்கொண்டு யாரையும் கடிந்துகொள்ளாதீர்கள். ஒவ்வொரு தொற்றையும் எடுத்து, குழாயை யார், எப்போது, எந்த அவசரத்தில் போட்டார்கள், கட்டு எப்போது மாற்றப்பட்டது என்று நடந்ததை மட்டும் பாருங்கள்.

தவறு நடந்தால் அதைச் சொன்னவருக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். தவறைச் சொன்ன தாதி மறுநாள் எப்படி நடத்தப்படுகிறார் என்பதை மற்ற 52 பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பொட்டாசியம், இன்சுலின், ஹெப்பாரின் போன்ற அபாயகரமான மருந்துகளில் தவறு நடந்தால் ஏறக்குறைய எப்போதும் பின்னால் இன்னொரு கதை இருக்கிறது: ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு குப்பிகள், நடுவில் வந்த ஓர் அழைப்பு, சரிபார்க்க வந்த இரண்டாமவர் பார்க்காமலே போட்ட கையெழுத்து. அந்தக் கதையைச் சரிசெய்யாமல் ஆளை மட்டும் கண்டித்தால் அதே தவறு வேறொரு கையில் திரும்ப வரும்.

படி 7: குடும்பங்களோடு பேசுவது

தமிழ் தெரிந்த மேலாளர் என்றால் உங்கள் பிரிவுக்கு மட்டுமல்ல, மருத்துவமனை முழுவதற்கும் உங்களை அழைப்பார்கள். போங்கள். ஆனால் மொழிபெயர்க்கப் போனால் மொழிபெயர்ப்பை மட்டும் செய்யுங்கள். மருத்துவர் ‘மிகவும் மோசம்’ என்று சொன்னதைக் கேட்பவரின் முகம் பார்த்து ‘கொஞ்சம் கஷ்டம்’ என்று மென்மையாக்கிவிட்டால், அடுத்த நாள் அந்தக் குடும்பம் தயாரில்லாமல் இழப்பைச் சந்திக்கும். இன்னொன்று, பன்னிரண்டு வயதுப் பேரனை வைத்துத் தாத்தாவின் நிலையைப் பாட்டிக்குச் சொல்ல வைக்காதீர்கள். அந்தச் சுமை அந்த வயதுக்கு ஆகாது.

நம் குடும்பங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று: ‘நான் சரி என்று சொல்லிவிட்டால், அப்பாவை நானே அனுப்பி வைத்ததாக ஆகிவிடுமா சிஸ்டர்?’ இதற்குப் பதில் சொல்ல இங்குள்ள சட்டம் தெரிந்திருக்க வேண்டும். மனத்திறன் சட்டம் 2008இல் இயற்றப்பட்டது. ஒருவர் தாமே முடிவெடுக்க இயலாத நிலையில் இருக்கும்போது, உயிர்தாங்கும் சிகிச்சை குறித்து அவருடைய நலனை வைத்து முடிவெடுக்கும் பொறுப்பு மருத்துவக் குழுவுடையது. தனக்காக முடிவெடுக்கும்படி அப்பா முன்பே எழுதித் தந்த நிரந்தர அதிகாரப் பத்திரம் பெற்ற பிள்ளைக்கும் உயிர்தாங்கும் சிகிச்சையை நிறுத்தும் முடிவை எடுக்கும் அதிகாரத்தைச் சட்டம் கொடுக்கவில்லை. குடும்பத்திடம் நாம் கேட்பது அப்பா எப்படிப்பட்டவர், எதை விரும்பியிருப்பார் என்பதைத்தான். ‘முடிவின் பாரம் உங்கள்மேல் இல்லை அம்மா, அவரைப் பற்றி எங்களுக்குச் சொல்லுங்கள், அது போதும்’ என்று நான் சொல்லும்போது, எதிரில் இருப்பவரின் தோள்கள் தளர்வதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

இறுதிக் கட்டத்தில் உயிரை நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்பே எழுதி வைப்பதற்காக 1996இல் வந்த முன்கூட்டிய மருத்துவ உத்தரவுச் சட்டம், ஒருவர் அப்படி உத்தரவு எழுதி வைத்திருக்கிறாரா என்று மருத்துவமனை ஊழியர்கள் அவரிடம் கேட்கக் கூடாது என்று வகுத்தது. புதிய தாதியர் நல்ல எண்ணத்தில் கேட்டுவிடுவார்கள், முன்பே சொல்லி வையுங்கள். மூளைச்சாவு என்றால், முன்பே விலகிக்கொள்ளாதவரின் உறுப்புகளை இறப்புக்குப் பின் மாற்றுச் சிகிச்சைக்கு எடுக்க அனுமதிக்கும் உறுப்பு மாற்றுச் சட்டம் வரும். 1987இல் சிறுநீரகத்தோடு தொடங்கி, 2004இல் கல்லீரல், இதயம், விழிவெண்படலம் வரை விரிந்து, 2008இல் முஸ்லிம்களையும் சேர்த்துக்கொண்ட சட்டம் அது. விலகிக்கொள்ளாத 21 வயது நிரம்பிய குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அதற்குள் வருவார்கள். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்கு இதை விளக்குவது எளிதல்ல. உறுப்பைப் பற்றிப் பேச அதற்கென்றே ஒருங்கிணைப்பாளர் இருக்கிறார். உங்கள் தாதியர் அவசரப்பட்டு அந்தப் பேச்சை எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறியதாகத் தெரியும் சில விஷயங்கள் குடும்பத்துக்கு மிகப் பெரியவை. கங்கை நீரோ பாலோ வாயில் விட வேண்டும் என்பார்கள். வாயில் குழாய் இருப்பவருக்கு ஊற்ற முடியாது. ஆனால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, பஞ்சுக்குச்சியை நனைத்து உதட்டில் தொட்டு வைக்கலாம். அதை மகன் கையாலேயே செய்ய விடுங்கள். திருநீறு நெற்றியில் மெல்லிய கீற்றாக, கண்ணில் விழாமல், கழுத்துக் குழாயின் கட்டில் படாமல். கோயில் கயிற்றை, தமனிக் குழாய் இல்லாத கையில் தளர்வாகக் கட்டலாம். எடுத்ததும் ‘கூடாது’ என்று சொல்லிவிட்டால் குடும்பம் நம்மிடமிருந்து விலகிப்போகும், பிறகு எதைச் சொன்னாலும் காதில் ஏறாது.

கட்டுமானத் தளத்திலிருந்தோ கப்பல் பட்டறையிலிருந்தோ வரும் நம் ஊர்த் தம்பிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். படுக்கையருகே உறவு என்று யாரும் இருக்க மாட்டார்கள். விடுதியில் கூடத் தங்கியிருப்பவரும் நிறுவனத்து மேற்பார்வையாளரும் வாசலில் நிற்பார்கள். நோயாளியின் மருத்துவ விவரம் நிறுவனத்துக்குச் சொந்தமல்ல. எது சொல்லலாம் என்று மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். 2023 ஜூலை 1 முதல் வேலை அனுமதிச் சீட்டுள்ள ஊழியருக்கு முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்பீடு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. தீவிர சிகிச்சையில் அதுவும் வேகமாகக் கரையும். ஆகவே மருத்துவச் சமூக ஊழியரை முதல் நாளே அழையுங்கள்.

ஊரில் இருக்கும் மனைவிக்குக் காணொளி அழைப்பு ஏற்பாடு செய்யும்போது அவசரப்படாதீர்கள். இங்கே இரவு எட்டரை என்றால் அங்கே மாலை ஆறு. முதலில் காணொளி இல்லாமல் குரலில் மட்டும் பேசுங்கள். ‘அம்மா, அவர் வாயில் ஒரு குழாய் இருக்கும், அதனால் பேச முடியாது. முகம் வீங்கியிருக்கும். தூக்க மருந்து கொடுத்திருக்கிறோம், வலி தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் உங்களுக்கு?’ தனியாக இருந்தால், யாரையாவது கூட வைத்துக்கொள்ளச் சொல்லிக் காத்திருங்கள். இதற்குள் தாதி அவர் முகத்தைத் துடைத்து, தலைவாரி, போர்வையை மார்புவரை இழுத்து விட்டிருப்பார். பிறகு தொலைபேசியை அவர் காதருகே வையுங்கள். ஒரு முறை மூன்று வயதுப் பெண் குழந்தை அந்தப் பக்கத்திலிருந்து ‘அப்பா, எழுந்திரு’ என்றது. அந்தப் படுக்கையில் இருந்த தாதி சீனப் பெண். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

படி 8: தாதியரைப் பார்த்துக்கொள்வது

அந்தத் தாதிக்கு அன்று பதினைந்து நிமிடம் வெளியே போய் வர ஆள் மாற்றிக் கொடுத்தேன். ஒரு மரணத்துக்குப் பிறகு அதே தாதிக்கு அடுத்த நோயாளியை அரை மணி நேரத்தில் கொடுப்பது எங்கும் நடக்கிறது. முடிந்த அளவு தடுத்துப் பாருங்கள். கடினமான மரணங்களுக்குப் பிறகு, அன்றோ மறுநாளோ, சம்பந்தப்பட்டவர்களைப் பத்து நிமிடம் உட்கார வைத்து நடந்ததைப் பேச விடுங்கள். நீங்கள் முடிவுரை எதுவும் சொல்ல வேண்டாம்.

திட்டும் உறவினரிடமிருந்து தாதியைக் காப்பதும் உங்கள் வேலை. 2014ஆம் ஆண்டுத் தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் பொதுச் சேவையில் இருப்பவர்களையும் காக்கிறது. ஆனால் சட்டத்துக்கு முன் நீங்கள் எழுந்து வந்து இருவருக்கும் நடுவில் நிற்க வேண்டும். பயந்துபோன குடும்பத்தின் கோபத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், கை ஓங்குவதைப் பொறுக்க வேண்டியதில்லை.

சம்பளத்தையும் ஊக்கத்தொகையையும் சுகாதார அமைச்சு பார்த்துக்கொள்கிறது. 2024இல் அறிவித்த தாதியர் விருதுத் திட்டம் இருபது ஆண்டில் ஒரு லட்சம் வெள்ளிவரை தருகிறது. அது நல்ல காரியம். ஆனால் தாதி ஒரு பிரிவை விட்டுப் போவதும் அதே பிரிவில் தங்குவதும் பெரும்பாலும் அட்டவணையாலும் மேலாளராலும்தான்.

படி 9: மாலையில் கிளம்பும்போது

இரவுப் பணித்தலைவரிடம் நேரில் பேசிவிட்டுப் போங்கள், தாளில் எழுதி வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஐந்து விஷயங்கள்: இன்று இரவு மோசமாகக்கூடியவர்கள் யார், அடுத்த படுக்கை எங்கிருந்து வரும், எந்தக் கருவி பழுது, எந்தக் குடும்பம் தாங்க முடியாத நிலையில் இருக்கிறது, இன்று இரவுத் தாதியரில் யாரைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கடைசியாக, எப்போது உங்களை எழுப்ப வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ‘தேவையென்றால் அழையுங்கள்’ என்று சொன்னால் யாரும் அழைக்க மாட்டார்கள். ‘இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் படுக்கை கேட்டால், தாதி யாராவது காயப்பட்டால், மருந்துத் தவறு நடந்தால், ஒன்பதாம் படுக்கைக்காரர் இறந்தால் என்னை எழுப்புங்கள்’ என்று சொல்லுங்கள். பிறகு ஒன்பதாம் படுக்கைக்காரரின் மனைவியிடம் போய், இரவில் யார் இருப்பார்கள் என்று அந்தத் தாதியின் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்திவிட்டுக் கிளம்புங்கள்.